ஆள் உட்காரும் ஸ்பீக்கர்

உடுமலைப்பேட்டையில், ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் வாசலில் போட்ட கோலம் நிற்காது, கொடியில் போட்ட வேட்டி மூன்றாம் வீட்டு முருங்கையில் போய்த் தொங்கும் என்கிற மாதிரியான ஒரு பழைய மில் காலனியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் நாச்சிமுத்துவின் வீட்டு ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் விரித்திருந்த கோரைப்பாயில், ஒரு வயதான அம்மாள் கையில் பாதி ஆய்ந்த கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட முடியாது. நல்லாக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுத்தான் முழித்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் பாட்டுப் பைத்தியம். பகலெல்லாம் பட்டறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருகிப்போன மோட்டாரின் வயிற்றைப் பிளந்து செம்புக்கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற மனுஷர், சாயங்காலமானால் நல்லதாக நாலு பாட்டுக் கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். வீட்டிலிருந்த பழைய பெட்டி ஸ்பீக்கர் இருமல் வந்து செத்துப் போனதும், கோயமுத்தூர்க் கடைக்காரர் ஒருவர், பழகின தோஷத்துக்கு, இரண்டு ஜோடி ஸ்பீக்கரைக் கொடுத்தனுப்பினார். "வீட்டுல வச்சுக் கேட்டுப் பாருங்க, புடிச்சதை வச்சுக்கங்க, புடிக்காததை நான் வந்து எடுத்துக்கறேன்" என்றார். ஒரு ஜோடி கருப்பு. இன்னொரு ஜோடி தேக்கு நிறம். இரண்டுமே புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன சைஸ். அந்த வீட்டில் புத்தகமும் கிடையாது, அலமாரியும் கிடையாது. ஆகவே இரண்டு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தார்கள்.

எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர் வரதராஜன் சார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், காலனியில் காது உள்ளவர் என்று பேர் வாங்கியவர். கண்ணை மூடிக்கொண்டு, விரலை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "அடிச் சத்தம், அதான் பாஸ், தொளதொளன்னு இருக்கக் கூடாது நாச்சிமுத்து. ட்வீட்டர்ல வர்ற மேல் சத்தம் காதைக் குத்தக் கூடாது. அதெல்லாம்கூடப் பரவாயில்ல. ஆள் உட்காரணும். பாடறவங்க ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல வந்து உட்காரணும். உட்கார்ந்தாத்தான் அது ஸ்பீக்கர். இல்லைன்னா வெறும் பெட்டி."

இதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நாச்சிமுத்துவின் மனைவி கருணாம்பிகை. அவளுக்கு ட்வீட்டரும் தெரியாது, கீட்டரும் தெரியாது. ஆனால் ஒருத்தர் வீட்டுக்கு வந்து உட்காரப் போகிறார் என்றால் வெறும் தரையிலா உட்காரச் சொல்வது? கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பரண்மேல் இருந்த கோரைப்பாயை எடுத்து உதறி, இரண்டு முக்காலிக்கும் நடுவில் விரித்துவிட்டுப் போனாள். வரதராஜன் சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மிணி, அது பேச்சுக்குச் சொல்றதுங்க" என்றார். "இருந்துட்டுப் போகட்டுங் சார், பாய் என்ன சோறா கேக்குது?" என்றாள் அவள்.

முதலில் கருப்பைப் போட்டார்கள். பாட்டு வந்தது, பாய் சும்மா கிடந்தது. வயரை மாற்றித் தேக்கைப் போட்டார்கள். பழைய சினிமாப் பாடகி நீலமணி அம்மாள் பத்தொன்பது வயதில் பாடிய காதல் பாட்டு. முதல் வரி எழும்பியதும் பாய் நடுவில் லேசாக அமுங்கியது, அடுத்த நொடி, பல்செட்டு இல்லாத வாயோடு, நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, கீரைக்கட்டோடு நீலமணி அம்மாளே உட்கார்ந்திருந்தாள். குரல் பத்தொன்பது வயது. ஆள் எண்பது.

"அட சாமி!" என்று கருணாம்பிகை கரண்டியைக் கீழே போட்டாள்.

அந்த அம்மாளின் வாய் பாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தது. கண் மட்டும் சுழன்று சுழன்று எல்லாரையும் முறைத்தது. நடுவில் புல்லாங்குழல் வந்ததும் வாய்க்கு விடுதலை கிடைத்தது. "யாருப்பா நீங்கெல்லாம்? நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கணுமே!" என்றாள். கருணாம்பிகை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் குழல் முடிந்துவிட்டது. அடுத்த இடைவெளி வரும்வரை செம்பைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் காதலனை நினைத்து உருகினாள், அப்புறம் மடக்மடக்கென்று குடித்தாள், பாட்டு முடிந்தது, பாயில் ஆளையும் காணோம், செம்பையும் காணோம். வரதராஜன் சார் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அமுங்கிய பாயைத் தடவிப் பார்த்தார். "கருப்புல உட்காரலை, தேக்குல உட்கார்ந்துருச்சு" என்று தீர்ப்பு மாதிரிச் சொன்னார்.

காலனிக்கு இது தெரிய ஒரு குளியல் நேரம்கூட ஆகவில்லை. முதல் இரண்டு வாரம் வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள், அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள், அதற்கும் அப்புறம் அவரவர் பாட்டைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பென் டிரைவும் கையுமாக வாசலில் நின்று, "எங்கூட்டுக்காரருக்குப் புடிச்ச பாட்டுங்க்கா, ஒரே ஒருக்கா" என்று கெஞ்சினார்கள். வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தர் வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு வந்து சோகப் பாட்டுப் பாடினார். ஒருத்தர் இடுப்பில் துண்டோடும் தலையில் ஷாம்புவோடும் வந்துவிட, பெண்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பாட்டை முழுசாகக் கேட்டார்கள். உடனே காலனிச் சங்கம் கூடி, குளிக்கிற நேரத்திலும் சாப்பிடுகிற நேரத்திலும் யாரும் தேக்கில் பாட்டுப் போடக் கூடாது என்று முடிவு செய்தது. எதிர்வீட்டு மயிலாத்தா விவரம் தெரியாமல் ஒரு கல்யாணக் கோரஸைப் போட்டுவிட, ஹால் கொள்ளாமல் பெண்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருத்தி மடியில் ஒருத்தி, கும்மியைப் பாடி முடித்துவிட்டுப் போனார்கள். "இத்தனை பேருக்கு ஒரு வாய் மோர் குடுக்க முடியலியே" என்று மயிலாத்தா ரொம்ப நாள் வருத்தப்பட்டாள். போனவர்கள் அவரவர் வீட்டில் போய் இதைச் சொன்னார்களோ என்னமோ. சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்?

சில பாட்டுக்கு மட்டும் ஆள் உட்காரவில்லை. எவ்வளவு அருமையான பாட்டாக இருந்தாலும் பாய் அசையாது. வரதராஜன் சார் அதற்குக் காரணம் வைத்திருந்தார். "பழைய ரெக்கார்டிங். மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தா ஆள் எங்கே உட்காரும்?" என்றார். காலனியே அதைப் பிடித்துக்கொண்டது. ஸ்கூல் பிள்ளைகள்கூடப் பாய் சும்மா கிடந்தால் "மோனோ, மோனோ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

அந்தியூர் மாரப்பன் என்று ஒரு உடுக்கைப் பாட்டுக்காரர். பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுச் சும்மாதான் இருப்பார்போல, எப்போது போட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்து உட்காருவார். பழகிப்போய் இடைவெளியில் "காப்பில சக்கரை கம்மிங் அம்மிணி" என்று குறை சொல்கிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டைப் போட்டார்கள், ஆள் உட்காரவில்லை. வயர் விட்டுப்போச்சா என்று வரதராஜன் சார் பின்பக்கம் திருகிப் பார்த்தார், வலதை இடதாக மாற்றினார், முக்காலியை நகர்த்தினார். பாட்டு என்னவோ ஜம்மென்று வந்தது. கருணாம்பிகை போட்டுவைத்த காப்பி ஆடை கட்டிவிட்டது. மறுநாள் பேப்பரில் மாரப்பனின் போட்டோ, மாலையோடு.

மயிலாத்தாதான் முதலில் சொன்னாள். "அப்ப மோனோ இல்லீங்கோ." இத்தனை நாள் மோனோ மோனோ என்று தள்ளிவிட்ட பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அன்றையிலிருந்து பென் டிரைவோடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வந்தவர்களும், பாட்டுத் தொடங்கும்போது பாயைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார்கள்.

கருணாம்பிகை அன்று அடுப்படியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வேறொரு பாட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அவர்களுக்கு ஒரே மகள், பூங்கோதை. கூடப் படித்த வேறு சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள், கட்டினாள். "எனக்கு மக இல்ல" என்று நாச்சிமுத்து வாசல் கதவைச் சாத்தினார். அவள் போன ஊரும் தெரியாது, மாற்றிக்கொண்ட போன் நம்பரும் தெரியாது. கொரோனா வந்த வருஷம் ஒரு சொந்தக்காரி, கோதையை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்களாம் என்று எங்கேயோ கேட்டதைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. நாச்சிமுத்து விசாரிக்கவில்லை, கருணாம்பிகையையும் விசாரிக்க விடவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமலே பெற்றவள் தினமும் அரிசி களைந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். இதைவிடப் பெரிய கொடுமை எந்த ஊரில் உண்டு சொல்லுங்கள்!

கோதை சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பாடியது ஒரு கேசட்டில் இருந்தது. கேசட்டையெல்லாம் பென் டிரைவில் ஏற்றியபோது அதையும் ஏற்றியிருந்தார் நாச்சிமுத்து. பேர் மட்டும் போடவில்லை. கருணாம்பிகை அதைப் பார்த்திருக்கிறாள்.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, நம்ம கோதை பாடினதைத் தேக்குல போட்டுப் பாத்தா என்னங்க?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கருப்பையே வச்சுக்கலாம்னு இருக்கறேன். பாஸ் நல்லா இருக்குது. தேக்கை நாளைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லி போன் பண்ணிட்டேன்."

கருணாம்பிகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் எந்தப் பைத்தியக்காரனாவது ஆள் உட்காருகிற ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆள் உட்காராததை வைத்துக்கொள்வானா? "உங்களுக்கு மனசுங்கறது இருக்குதா? அவமேல இன்னும் என்ன வீம்பு? அவ வந்து இந்தப் பாயில உட்கார்ந்தா உங்க கௌரவம் ஓட்டையாப் போயிருமா?"

"உட்காரலீன்னா?"

அவர் அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாட்டு வருது, ஆள் உட்காரலீன்னா என்ன பண்ணுவே கருணா? சொல்லு. இப்பவாச்சும் எங்கியோ இருக்கறான்னு இருக்கறோம்." கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். வீம்பு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அது பயம் என்று தெரிந்ததும், அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அழுதாள்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனார். மத்தியானம் வெயில் ஏறியதும் கடைக்காரர் வந்துவிடுவார். கருணாம்பிகை வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தாள். போட்டால் தெரிந்துவிடும், போடாவிட்டால் தெரியாமலே செத்துப்போவோம், எது மேல் என்று நடந்தாள். மயிலாத்தா எட்டிப் பார்த்து, "என்னக்கா, குட்டி போட்ட பூனையாட்ட?" என்றாள். "நீ போ மயிலா" என்று கதவைச் சாத்தினாள். பாயை எடுத்து உதறி விரித்தாள். குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். பேர் போடாத அந்தப் பாட்டைத் தொட்டுவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முதலில் கரகரவென்று கேசட் சத்தம். அப்புறம் முதல் வரி:

"வேப்பங்குச்சி வண்டி கட்டி வெள்ளரிக்காச் சந்தைக்குப் போறேன்…"

அது கோதையின் குரல் இல்லை. ஆம்பளைக் குரல். கருணாம்பிகை பதறிக் கண்ணைத் திறந்தாள். பாயில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்! பட்டறையில் உட்கார்ந்த அதே சம்மணம், மடியில் அறுந்த செம்புக்கம்பி, முகமெல்லாம் வார்னிஷ், காலில் செருப்பு இல்லை. அவளுக்கு மறந்தே போயிருந்தது. பிள்ளைக்கு இந்தப் பாட்டைக் கட்டிக் கொடுத்ததே அவர்தான், முதல் வரியை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பாவம், மனுஷர் வாய் பாடிக்கொண்டிருந்தது, கண் இரண்டும் பிதுங்கி அவளைப் பார்த்து 'அடிப் பாவி, போட்டுட்டியா' என்றன.

வரி முடிந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குழந்தையின் குரல் கிளம்பியது. "வேப்பங்குச்சி வண்டி கட்டி…"

நாச்சிமுத்து தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தார். பாய் சும்மா கிடந்தது. வெள்ளரிக்காய் வந்தது, சந்தை வந்தது, பாய் அசையவில்லை. அவர் அந்த வெறும் இடத்தைக் கையால் தடவினார், யாரோ உட்கார இடம் ஒதுக்குகிற மாதிரி தள்ளித் தள்ளி உட்கார்ந்தார், பாயின் ஓரத்துக்கே போய்விட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவர் அகலமான உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை நேரமும் நட்டநடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்! அவர் நகர்ந்ததும் நடுப்பாய் அமுங்கியது.

கோதை உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், சுடிதார் முழங்கால்வரை நனைந்திருந்தது, கை நிறைய சோப்பு நுரை. அந்தக் கையில், பாதி குளித்த, வழவழவென்று ஒரு பிள்ளை.

இருக்கிறாளா என்று கேட்ட வீட்டில் இரண்டு பேராக வந்து உட்கார்ந்தால் மனுஷர் என்ன செய்வார்? கருணாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, கண்ணு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கோதையின் வாய் சின்னக் குழந்தைக் குரலில், "வெயிலுக்குக் குடை புடிக்க எறும்பைக் கூட்டிப் போறேன்" என்று பாடிக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் மாலை மாலையாக இறங்கியது. அவள் அம்மாவைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், உடம்பு விறைத்துப்போனாள்.

அடுத்த வரி வரவில்லை. கேசட்டில் குழந்தை வரியை மறந்துவிட்டிருந்தது. கரகர என்று சத்தம் மட்டும் ஓடியது. இருவர் வாய்க்கும் ஒன்றாக விடுதலை கிடைத்தது.

"தலையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சுங்களாப்பா" என்றாள் கோதை.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். அதற்குள் கேசட்டில் இருந்த பழைய நாச்சிமுத்து, மறந்துபோன பிள்ளைக்கு அடி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இவர் வாய் அதைத்தான் பாட வேண்டியிருந்தது:

"நேரமாச்சுன்னா நீங்களே வந்து கூட்டிப் போங்கப்பா…"

பாடும்போது குரல் கணீரென்று இருந்தது, ஏனென்றால் அது முப்பது வயதுக் குரல். முகம்தான் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அதன் வாய் எந்தப் பாட்டுக்கும் கட்டுப்பட்டதில்லை. செம்புக்கம்பி பளபளப்பதைப் பார்த்து 'ஹீ' என்று கத்தி எட்டி, கம்பி அகப்படாமல், தாத்தனின் சுட்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இப்போது கோதையின் முறை. மறந்த வரியைக் குழந்தைக்குரல் திருப்பிப் பாடியது. அதுதான் கடைசி வரி. வந்தவர் வந்த இடத்துக்குப் போய்விடுவார், கையில் பிடித்தது பிடித்தபடி கூடவே போகும், அன்றைக்குச் செம்பு போன மாதிரி, பிள்ளை அம்மா கையோடு வந்த மாதிரி. இது நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. விரலைப் பார்த்தார். இழுத்தால் வந்துவிடும், அத்தனூண்டு கை.

"ஏனுங்க, விரலை எடுத்தராதீங்க!" என்று கத்திக்கொண்டே கருணாம்பிகை ஓடினாள். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடிக்கப் போனாள். கோதை ஒரு கையை நீட்டினாள். பாட்டு முடிந்தது. கருணாம்பிகையின் கை பாயில் போய் விழுந்தது. பாய் சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது, சோப்பு வாசம் அடித்தது.

பட்டறைக்கு போன் போட்டாள். "ஓனர் இப்பத்தாங்க இங்க உட்கார்ந்திருந்தாரு, செருப்பு கெடக்குது, ஆளைக் காணமுங்" என்றார்கள். அந்தப் பாட்டையே திரும்பப் போடலாமா என்று கையைக் கொண்டுபோனாள். போட்டால் அவர் மறுபடி இங்கே வந்துவிடுவார், அங்கே போனது வீணாகிவிடும். வயரையே பிடுங்கிவிட்டாள். கோயமுத்தூர்க் கடைக்காரர் வந்து தேக்கைக் கேட்டார். "கருப்பை எடுத்துட்டுப் போங்க, பாஸ் நல்லா இருக்குதாமா" என்று அனுப்பிவைத்தாள். நடந்ததைக் கேட்ட மயிலாத்தா வந்து தண்ணீர் கொடுத்தாள், தலையைத் தடவினாள், "அண்ணன் நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கறாருக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை தப்பான அர்த்தத்தில் விழுந்ததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"கருணா."

"எங்கீங்க இருக்கறீங்க?"

"எந்த ஊருன்னு இன்னும் கேக்கல புள்ள. குளிருது. மாப்ள வேலைக்குப் போயிருக்கறாராமா, வந்துருவாராமா."

"அவகிட்டக் குடுங்க. குடுங்கங்கறேன்!"

"பாப்பாளைத் தூங்க வச்சுட்டு உங்கிட்டப் பேசறாளாமா. எங்கிட்டப் பேச மாட்டேங்கறா." நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தட்டுல சோத்தைப் போட்டு முன்னால வச்சுட்டு அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்திருக்கறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கை நனைக்கட்டுமா கருணா?"

"தின்னுங்க சாமி" என்று கருணாம்பிகை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "ஆறிப் போறதுக்குள்ள தின்னுங்க!"